பழங்களின் இங்கிலீஷ் பேர்: சார்ட்டுல ஒப்பிக்கிறாங்க, வண்டியில பார்த்தா முழிக்கிறாங்க

கொருக்குப்பேட்டை டியூஷன் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். சாயந்திரம் 6-லேர்ந்து 7 வரைக்கும் டியூஷன். ஒண்ணாவதுலேர்ந்து நாலாவது வரைக்கும் கலந்து உட்காருற பசங்க. பாதிப் பேர் கார்ப்பரேஷன் ஸ்கூல், மீதிப் பேர் நர்சரி ஸ்கூல்.

இப்போ பழங்களோட இங்கிலீஷ் பேர் போயிட்டிருக்கு. சுவத்துல ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் ஒரு சார்ட் மாட்டியிருக்கு. ஸ்கேலால தொட்டுட்டே போனா வரிசையா ஒப்பிக்கிறாங்க. வாசல்ல நிக்கிற தள்ளுவண்டியைக் காட்டிக் கேட்டா ஆப்பிள், ஆரஞ்ச், அதோட நின்னுடுது. கொய்யாவுக்கு வாய் வரலை. ஆனா ‘குவின்ஸ்’னு ஒரு பழத்தை ஸ்பெல்லிங்கோட சொல்றாங்க!

எந்தப் பழத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், எந்த வரிசையில போகணும்? நாலு வகுப்பையும் ஒரே நேரத்துல எப்படிச் சமாளிக்கிறது? சாத்துக்குடி, நாவப்பழம், நுங்கு, இலந்தை, கொடுக்காப்புளி எதுவும் சார்ட்ல இல்லை, பசங்க முதல்ல கேட்கிறது அதைத்தான். உச்சரிப்பும் தகராறு. பியர், பீச், ஃபிக் மூணும் வேற எதுவோ மாதிரி கேட்குது. பெருசா செலவு பண்ண முடியாது, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

---

சாக்பீஸ்:

முதலில் அந்த சார்ட்டை ஒரு மாதத்துக்குக் கழற்றி வையுங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரு பழம் போட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் குவின்ஸ், அக்லி ஃப்ரூட் எல்லாம் அதில் நுழைகின்றன. சில சார்ட்டுகளில் எக்ஸ் எழுத்துக்கு ‘ஷிகுவா’ என்று போட்டிருப்பார்கள். அது சீன மொழியில் தர்பூசணியின் பெயர், இங்கிலீஷே இல்லை. கொருக்குப்பேட்டைப் பிள்ளை அதை ஒப்பித்து என்ன செய்யப் போகிறது?

பிள்ளைகள் சார்ட்டில் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். இரண்டாவது வரிசையில் மூன்றாவது கட்டம் என்றால் இன்ன பெயர், அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. செய்தித்தாளின் நடுவில் ஒரு கட்டம் அளவுக்கு ஓட்டை வெட்டி, சார்ட்டின் மேல் வைத்து, ஒரே ஒரு படம் மட்டும் தெரியும்படி அங்கும் இங்கும் நகர்த்திக் கேளுங்கள். கடகடவென்று ஒப்பித்த பிள்ளைகளே தடுமாறுவார்கள். தவிர, சார்ட்டில் முழுக்கப் பெரிய எழுத்து, பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்து. அங்கே படித்த சொல்லை இங்கே பார்த்தால் அடையாளம் தெரியாது.

சார்ட்டுக்குப் பதில் அட்டை போடுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஏ4 அளவு வெள்ளை அட்டை, 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (அட்டையின் கனத்தைக் குறிக்கும் அளவு) என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 10.5 செ.மீ.க்கு 7.4 செ.மீ. வரும், பிள்ளைகள் கைக்கு அடக்கமாக இருக்கும். செலவே வேண்டாம் என்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை வெட்டி, முதுகோடு முதுகாக ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் படத்தைப் பார்த்துவிட்டு வாசித்த மாதிரி நடிப்பார்கள். சொல்லை முழுக்கச் சின்ன எழுத்தில், 2 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல், கறுப்பு மார்க்கரால் எழுதுங்கள். எழுதும் முன் ஓர் ஓரத்தில் கோடு இழுத்துப் பாருங்கள். மெல்லிய அட்டையில் மை மறுபக்கம் ஊறும். படத்தின் வழியாக எழுத்து தெரிந்தால் அந்த அட்டை வீண்.

முதல் 12: வாழை, கொய்யா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அன்னாசி, எலுமிச்சை, மாம்பழம், தர்பூசணி. கடைசி இரண்டைத் தவிர மற்றவை அநேகமாக வருஷம் முழுக்கத் தெருவில் கண்ணில் படும். ஒரு நாளைக்கு 4 புதுப் பெயருக்கு மேல் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்பக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் அட்டைகளைக் குலுக்கிப் போட்டு. ஏழாம் நாளும் தடுக்காமல் சொன்னால் அது ‘தெரியும்’ டப்பாவுக்குப் போகட்டும். தடுக்கினால் முதல் நாள் கட்டுக்கே திரும்பும்.

நாலு வகுப்பு கலந்து உட்காருவது தொல்லையில்லை. அரசுப் பள்ளிகளில் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்களே, அதே வழிதான். அரும்புப் பிள்ளை படத்தைப் பார்த்து வாயால் சொன்னால் போதும். மொட்டு, சொல் பக்கத்தை வாசிக்கட்டும். மலர், அட்டையைப் பார்க்காமல் எழுதி ஒரு வாக்கியத்தில் வைக்கட்டும். ஒரே அட்டைக் கட்டு, மூன்று வேலை. எந்த வகுப்பு என்று பார்த்துப் பிரிக்காதீர்கள், நாலாவது படிக்கிற பிள்ளை அரும்பில் இருக்கும்.

ஸ்பெல்லிங்கைத் தனித்தனியாக ஒவ்வொரு பழமாக மனப்பாடம் செய்ய விடாமல், குடும்பமாகச் சேர்த்துக் கொடுங்கள். ‘ஆப்பிள்’ எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பைன்ஆப்பிள், கஸ்டர்ட் ஆப்பிள், வுட் ஆப்பிள், ஐஸ் ஆப்பிள் எல்லாம் பாதி வந்துவிட்டது. அன்னாசி, சீத்தாப்பழம், விளாம்பழம், நுங்கு. இந்த நாலில் ஒன்றும் ஆப்பிள் சாதி இல்லை. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல் எந்தப் பழத்துக்கும் பொதுவாக வழங்கியது, அதனால் ஏன் இப்படி என்று கேட்கிற பிள்ளைக்குப் பதிலும் இருக்கிறது. அதேபோல் ‘மெலன்’ தெரிந்தால் வாட்டர்மெலன், மஸ்க்மெலன். ‘பெரி’ தெரிந்தால் ஸ்ட்ராபெரி, கூஸ்பெரி, மல்பெரி.

‘ஃப்ரூட்’ என்ற சொல்லையே நிறையப் பிள்ளைகள் தப்பாக எழுதுவார்கள், யூ-வும் ஐ-யும் இடம் மாறும். அதைத் தனியாகத் திருத்தினால் நிற்காது. ‘ஜூஸ்’ என்ற சொல்லிலும் அதே யூ, ஐ அதே வரிசையில் வருகிறது. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, அந்த இரண்டு எழுத்தை மட்டும் சிவப்பில் வட்டம் போடச் சொல்லுங்கள். ‘கிரேப்’பில் கடைசி ஈ-யை விட்டுவிடுவதும் வழக்கமான பிழை. ஈ இல்லாவிட்டால் ‘கிராப்’ என்று வாசிக்க வேண்டியிருக்கும், வாசித்துக் காட்டினால் அவர்களே சேர்ப்பார்கள். மாதுளையை மூன்று துண்டாக வெட்டுங்கள்: பி-ஓ-எம்-ஈ, ஜி-ஆர்-ஏ-என், ஏ-டி-ஈ. கடைசித் துண்டு ‘சாப்பிட்டான்’ என்ற சொல்லின் ஸ்பெல்லிங்தான், அதனால் நினைவில் நிற்கும்.

வாக்கியத்தில் ஒரு விஷயம் மட்டும். தமிழில் எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்று ஒருமையில் சொல்கிறோம். அப்படியே ‘ஐ லைக் மேங்கோ’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே ‘மேங்கோஸ்’ வேண்டும். அதன் ஸ்பெல்லிங்கில் கடைசியில் எஸ் மட்டும் போட்டாலும் சரி, ஈ-எஸ் போட்டாலும் சரி, தப்பு என்று கோடு போடாதீர்கள்.

---

மூலக்கடை பழவண்டி:

டீச்சர் லிஸ்ட் ஓகே. ஆனா 12 முடிஞ்சதும் மாசத்தைப் பார்த்து மேல மேல சேருங்க, பசங்க கண்ணுல பட்டுட்டே இருந்தாத்தான் பேர் நிக்கும். மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் தர்பூசணி, கிர்ணி, நுங்கு. ஏப்ரல்லேர்ந்து ஜூலை மாம்பழம், பலா. ஜூன் பாதிக்கு மேல நாவல். ஆகஸ்ட்லேர்ந்து சீத்தாப்பழம். மழை முடிஞ்சா கமலா ஆரஞ்சு, நெல்லி. பொங்கலை ஒட்டி இலந்தை. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின ரெண்டு நாள் விட்டுடாதீங்க. விளாம்பழம், நாவல், பேரிக்காய், கொய்யா எல்லாம் ஒரே கோணிமேல கொட்டி விப்பாங்க, அப்போ ஒரு சுத்து கூட்டிட்டுப் போனா சார்ட்டே வேணாம்.

வகுப்புல வச்சுக் காட்ட கொய்யா, எலுமிச்சை, ஆரஞ்சு, சப்போட்டா, வாழை ஒவ்வொண்ணு வாங்கினா போதும். துணிப்பையில போட்டுக் கட்டி, கையை மட்டும் விட்டுத் தடவிப் பேர் சொல்லச் சொல்லுங்க. சப்போட்டாவைக் கல்லு மாதிரி இருக்கறதா எடுங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும். பழுத்ததை எடுத்தா நாலு பசங்க கை பட்டதும் பையெல்லாம் கூழ். வாழைப்பழமும் பச்சை மாறாததாப் பாருங்க. எலுமிச்சையும் ஆரஞ்சும் தடவிப் பார்த்தா சின்னப் பசங்க குழம்புவாங்க. நகத்தால லேசாக் கீறி மோந்து பார்க்கச் சொன்னா டக்குனு சொல்லிடுவாங்க.

வண்டியில நாங்க சொல்ற பேரை எல்லாம் இங்கிலீஷ்னு நம்பி எழுத வச்சுடாதீங்க. பட்டர் ஃப்ரூட்டுன்னு விப்போம், புத்தகத்துல ‘அவகாடோ’. கிர்ணிக்கு ‘மஸ்க்மெலன்’. ஒரே ஒரு பழத்தைக் கையில வச்சுக்கிட்டு பிளம்ஸும்போம். ஒண்ணுன்னா ‘பிளம்’தான். கமலா ஆரஞ்சு தோல் கையிலயே உரிஞ்சு வரும், அதுக்குச் சரியான பேர் ‘மாண்டரின்’. ஒண்ணாவது ரெண்டாவதுக்கு ஆரஞ்ச்னே விட்டுடுங்க. பன்னீர் திராட்சை, சீட்லெஸ் எல்லாமே ‘கிரேப்ஸ்’. மாம்பழத்துல பங்கனப்பள்ளி, ருமானி, மல்கோவா, இமாம்பசந்த் எதுக்கும் தனி இங்கிலீஷ் பேர் கிடையாது, அதேதான். கிளிமூக்கு மட்டும் சூப்பர் மார்க்கெட் லேபிள்ல ‘தோத்தாபுரி’ன்னு இருக்கும்.

ஃபாரின் ஆப்பிள்ல ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாதீங்க. ‘காலா’, ‘ஃபியூஜி’ன்னு போட்டிருக்கும். அது ரகத்தோட பேர். வாசிக்கத் தெரிஞ்ச பசங்களுக்கு ஓசி அட்டை அது.

ஜூஸ் கடை போர்டைப் பார்த்து எழுதச் சொல்ற ஐடியா இருந்தா உஷார். மாதுளையைக் ‘கிரானைட்’ ஆக்கியிருப்பாங்க, அன்னாசியில நடு ஈ-யைத் தின்னிருப்பாங்க. பெரிய பசங்களுக்கு வேணா அதையே தப்பு கண்டுபிடிக்கிற வேலையா கொடுக்கலாம், போர்டுக்குப் பஞ்சமில்லை நம்ம ஏரியாவுல.

---

உதடும் பல்லும்:

உச்சரிப்புக்கு மட்டும் பதில்.

நீங்கள் சொன்ன மூன்றிலும் குற்றம் பிள்ளை வாயில் இல்லை, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதில் இருக்கிறது. ப என்ற ஒரே எழுத்துதான் இங்கிலீஷின் இரண்டு ஒலிகளுக்கும். அதாவது, பேனாவின் முதல் ஒலிக்கும் பஸ்ஸின் முதல் ஒலிக்கும். பீச் என்று எழுதினால் பழமும் அதுதான், பீச் ஸ்டேஷனும் அதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கு ஸ்டேஷன்தான் முதலில் ஞாபகம் வரும், அதே ஒலியில் பழத்தையும் சொல்லிவிடும்.

இதற்கு ஒரு காகிதத் துண்டு போதும். நோட்டுப் புத்தகத் தாளில் 2 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளம் வெட்டி, மேல் நுனியைப் பிடித்து, உதட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். பழத்தின் பெயரைச் சொல்லும்போது காகிதம் படக்கென்று ஆட வேண்டும். ஸ்டேஷன் பெயரைச் சொல்லும்போது ஆடக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பேர் (பேரிக்காய்), பீச், பபாயா, பைன்ஆப்பிள், பாமிகிரானட் எல்லாவற்றின் முதல் ஒலிக்கும் காகிதம் ஆடியாக வேண்டும். ‘பபாயா’வில் அழுத்தம் இரண்டாம் அசையில் என்பதால், முதல் ப-வுக்கு லேசாக, இரண்டாவதற்கு நன்றாக ஆடும். ‘பனானா’வுக்கு ஆடவே கூடாது. ‘பிளம்’மில் பிள்ளைகள் நடுவில் ஓர் இ சேர்த்து ‘பிலம்’ என்பார்கள், உதட்டைத் திறக்கும் முன்பே நாக்கை ல-வுக்குத் தயாராக வைக்கச் சொல்லுங்கள், சேர்ந்து வரும்.

பேரிக்காயை ‘பியர்’ என்று சொல்வது பெரியவர்களிடமே உண்டு, அது குடிக்கிற சமாசாரம். ஷேர் ஆட்டோவில் வரும் ஷேர், அந்த இழுப்பு. ஷேர், சேர், ஹேர், பேர் என்று நாலையும் சேர்த்துச் சொல்ல வைத்தால் வந்துவிடும்.

அத்திப்பழம் சிக்கலானது. எஃப் வராத பிள்ளை சொன்னால் அது பன்றியாகிவிடும், வகுப்பு சிரிக்கும், அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. அதனால் பழத்தைச் சொல்லச் சொல்லும் முன் ஒலியைப் பழக்குங்கள். மேல்பல் கீழ்உதட்டைத் தொட்டபடி இருக்க, காற்று மட்டும் ஃஃஃ என்று 3 விநாடி வெளியே வரட்டும். இரண்டு உதடும் ஒட்டினால் தப்பு. ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தால் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும். அது பழகிய பிறகு ஃப்ரூட், ஜாக்ஃப்ரூட், கடைசியில் ஃபிக்.

கடைசியில் உ ஒட்டுவது அடுத்த பழக்கம். ஆரஞ்சு, கிரேப்ஸு, ஃபிக்கு. மெய்யெழுத்தில் நிறுத்து என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. அடுத்து ‘இஸ்’ சேர்த்துச் சொல்ல வையுங்கள்: ‘தி ஆரிஞ்ச் இஸ் ஸ்வீட்’. இ ஒட்டிக்கொண்டதும் உ-வுக்கு இடமே கிடையாது.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை மேசையில் தட்டிக் காட்டுங்கள். பனானா, பபாயா இரண்டிலும் நடு அசைக்குத்தான் பலத்த தட்டு, முதலும் கடைசியும் லேசு. தமிழில் மூன்று அசையையும் சமமாகச் சொல்வோம், அதனால் கேட்பவருக்கு விளங்குகிறது ஆனால் உறுத்துகிறது. மேங்கோ, லெமன், க்வாவா, பாமிகிரானட், பைன்ஆப்பிள் ஐந்துக்கும் முதல் அசையில் தட்டு. கொய்யாவை ‘குவாவா’ என்று உ போட்டு இழுக்காமல், க்-வா என்று ஒட்டிச் சொல்ல வேண்டும்.

---

கொருக்குப்பேட்டை டியூஷன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார்ட் கழட்டியாச்சு. காகிதத் துண்டுல பசங்க ஒரே ஆட்டம். இன்னும் மூணு சந்தேகம் பாக்கி. எலுமிச்சை, சாத்துக்குடி, நாவல், இலந்தை வகையறாவுக்கு யாராவது சரியாச் சொல்லுங்க. மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் ‘மேங்கோ’ ஒண்ணுதானான்னு ஒரு பொண்ணு கேட்குது. அப்புறம் ‘எ’ எங்கே, ‘ஆன்’ எங்கே?

---

இலையும் காயும்:

எலுமிச்சை. நம் வண்டியில் இருக்கும் உருண்டையான, மெல்லிய தோல் கொண்ட சின்னப் பழம் சரியாகச் சொன்னால் ‘லைம்’. ‘லெமன்’ என்பது அதைவிடப் பெரியது, நீள்வட்டம், நுனியில் காம்பு மாதிரி ஒரு முனை, தடித்த தோல். ஓட்டல் மெனுவில் ‘ஃப்ரெஷ் லைம் சோடா’ என்று போடுகிறார்களே, அது சரியான பெயர். சுண்ணாம்புக்கும் அதே சொல், அதே ஸ்பெல்லிங். இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சாத்துக்குடிக்குக் கடை லேபிளில் ‘ஸ்வீட் லைம்’ அல்லது ‘மொசாம்பி’. தாவர வகையில் அது இனிப்பு ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்தது, லைம் அல்ல. ஆனால் ‘ஸ்வீட் லைம்’ என்றால்தான் இந்தியாவில் யாருக்கும் விளங்கும், அதையே சொல்லிக்கொடுங்கள். பம்பளிமாஸ் ‘பாமெலோ’, நார்த்தங்காய் ‘சிட்ரன்’.

நாவல் ‘ஜாமூன்’. ‘ஜாவா பிளம்’ என்றும் எழுதுவார்கள். நெட்டில் சிலர் ‘புளூபெரி’ என்று போடுகிறார்கள், அது வேறு செடி, வேறு பழம். இலந்தை ‘ஜூஜூப்’. பெரிய நெல்லி ‘இண்டியன் கூஸ்பெரி’, கொத்தாகக் காய்க்கும் அரைநெல்லி ‘ஸ்டார் கூஸ்பெரி’. வெறும் ‘கூஸ்பெரி’ என்றால் ஐரோப்பாவில் விளையும் வேறு பழம், அதனால் முன்னால் உள்ள அடைமொழியை விடாதீர்கள். கொடுக்காப்புளி ‘மணிலா டாமரிண்ட்’. புளியமரத்துக்கு அது நெருங்கிய உறவு கூட இல்லை. மரத்துக்கு ‘மெட்ராஸ் தார்ன்’ என்று நம்ம ஊர் பேரே இருக்கிறது, மரம் வந்ததோ மெக்சிகோ பக்கத்திலிருந்து.

நுங்கு ‘ஐஸ் ஆப்பிள்’. ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: இளம் பனங்காய்க்குள் இருக்கும் முற்றாத விதைதான் நுங்கு. ஒரு காயில் பெரும்பாலும் 3 கண். பழுத்த பனம்பழம் ‘பால்மைரா ஃப்ரூட்’, அதை ஐஸ் ஆப்பிள் என்று எழுதக் கூடாது.

விளாம்பழம் ‘வுட் ஆப்பிள்’, வில்வம் ‘பேல்’. சில புத்தகங்கள் இரண்டையும் வுட் ஆப்பிள் ஆக்கிவிடுகின்றன, படத்தில் இலையைப் பாருங்கள். வில்வம் மூன்று இலையாக இருக்கும். சீத்தாப்பழம் ‘கஸ்டர்ட் ஆப்பிள்’, ‘சுகர் ஆப்பிள்’ இரண்டும் சரி. முள்சீத்தா ‘சவர்சாப்’.

---

சாக்பீஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் லைம் விஷயத்தில் ஒன்றாவது இரண்டாவது பிள்ளையைக் குழப்ப வேண்டாம். பள்ளிப் பாடங்களிலும் ரைம்ஸிலும் ‘லெமன்’ என்றே வரும். எல் எழுத்துக்கு லெமன் படம் போட்ட தாளில் பிள்ளை ‘லைம்’ என்று எழுதினால் திருத்துகிறவர் கோடு போட்டுவிடுவார். நாலாவதில் லைம் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் இரண்டு பழத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

---

இலையும் காயும்:

நாலாவது வரை காத்திருப்பது அதிகம் என்பது என் எண்ணம், மூன்றாவதிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தேர்வுத்தாள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன்.

---

உதடும் பல்லும்:

‘எ’, ‘ஆன்’: எழுத்தைப் பார்க்காமல் காதால் முடிவு செய்ய வேண்டும். உயிர் ஒலியில் தொடங்கினால் ‘ஆன்’: ஆன் ஆப்பிள், ஆன் ஆரிஞ்ச், ஆன் அவகாடோ, ஆன் ஐஸ் ஆப்பிள். முன்னால் ஒரு சொல் நுழைந்தால் கணக்கு அந்தச் சொல்லுக்குப் போய்விடும். ‘எ ரெட் ஆப்பிள்’, ஆனால் ‘ஆன் அன்ரைப் மேங்கோ’. இந்த இரண்டு உதாரணத்தையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால் விதியே சொல்ல வேண்டாம். ‘கிரேப்ஸ்’, ‘டேட்ஸ்’ என்று பன்மையில் இருப்பதற்கு முன்னால் இரண்டுமே வராது, அங்கேதான் நிறையப் பிள்ளைகள் ‘எ கிரேப்ஸ்’ என்று எழுதும்.

---

மூலக்கடை பழவண்டி:

அந்தப் பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. மாங்காய்க்கு ‘ரா மேங்கோ’, இல்லன்னா ‘கிரீன் மேங்கோ’. வாழைக்காய் ‘ரா பனானா’, பலாக்காய் ‘ரா ஜாக்ஃப்ரூட்’. சமைக்கிற வாழைக்கு ‘பிளான்டைன்’னும் எழுதுவாங்க, பழைய ஆளுங்க பழத்தையும் அப்படியே சொல்வாங்க. பேரிக்காய், நெல்லிக்காய்ல காய்னு இருக்கேன்னு ‘ரா’ போட்டுடாதீங்க. வெறும் ‘பேர்’, வெறும் ‘இண்டியன் கூஸ்பெரி’. இளநீர் ‘டெண்டர் கோகனட்’. திராட்சை காஞ்சா பேரே மாறிடும், ‘ரெய்சின்’. பிளம் காஞ்சா ‘ப்ரூன்’.

பெரிய பசங்களுக்கு எண்ணிக்கையும் சேர்த்துக் கொடுங்க. வாழைத்தார் ‘பன்ச்’, அதுல ஒரு சீப்பு ‘ஹேண்ட்’. திராட்சைக் கொத்தும் ‘பன்ச்’தான். ஆரஞ்சு சுளை ‘செக்மென்ட்’. கொட்டையில மூணு வகை: மாங்கொட்டை ‘ஸ்டோன்’, ஆரஞ்சு விதை ‘பிப்’, கொய்யா விதை ‘சீட்’. வாழை, ஆரஞ்சு உரிச்ச தோல் ‘பீல்’, தர்பூசணியோட தடிச்ச தோல் ‘ரைண்ட்’, திராட்சைத் தோல் ‘ஸ்கின்’. தர்பூசணி வெட்டித் தர்றதுக்கு முன்னாடி இந்தப் பேரெல்லாம் கேட்டுடுங்க. துண்டு கைக்கு வந்துட்டா அப்புறம் எவனும் பதில் சொல்ல மாட்டான்.